நம்ம வீட்டுக் கணினிக்கு யார் முதலாளி?

இது கோயில் விஷயம் இல்லை. ஆனால் "தம்பி, கம்ப்யூட்டர் தானா அப்டேட் ஆச்சு, இப்ப எதையும் காணோம்" என்று யாராவது எங்களிடம் சொல்லாத வாரமே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. "அப்பா எதையோ அமுக்கிட்டார்" என்று பிள்ளைகள் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பல நேரம் அப்பா ஒன்றையுமே அமுக்கியிருக்க மாட்டார்.

2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, அலுவலகங்களுக்கான பதிப்பில் அப்டேட்டைத் தள்ளிப்போட வழி வைத்தார்கள். வீட்டுக்கான ஹோம் பதிப்பில் அது கிடையாது. காசு கொடுத்து வாங்கியது நாம், நேரம் குறிப்பது அவர்களா? 2016இல் இன்னும் மோசம். விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லி ஒரு பெட்டி வரும். மூலையில் உள்ள எக்ஸ் குறியை அமுக்கினால் 'வேண்டாம்' என்றுதானே அர்த்தம்? மைக்ரோசாஃப்ட் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் மாற்றியது. கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி, கேட்காமல் வந்த விண்டோஸ் 10ஆல் தொழில் கெட்டது என்று வழக்குப் போட்டு 10,000 அமெரிக்க டாலர் வாங்கினார். நம்மில் எத்தனை பேர் வழக்குப் போடப் போகிறோம்?

2018 அக்டோபரில் வந்த அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட், படங்கள் எல்லாவற்றையும் அழித்தது. சில நாளில் அதை நிறுத்தினார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் முன்பே புகார் சொல்லியும் கவனிக்கவில்லை என்பதுதான் கொடுமை.

"அப்போ அப்டேட்டையே ஆஃப் பண்ணிடுங்க" என்று சொல்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்க கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

ஆகவே அப்டேட் வேண்டும். ஆனால் பூட்டு மாற்ற வந்தவர் வீட்டுச் சாமானையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவதை ஏன் பொறுக்க வேண்டும்? 2024இல் ஸ்டார்ட் மெனுவுக்குள் செயலி விளம்பரம் நுழைந்ததும் ஓர் அப்டேட் வழியாகத்தான். பாதுகாப்புத் திருத்தம் தனியாக வரட்டும். மற்றதை நம்மைக் கேட்டுவிட்டுப் போடட்டும். கேட்டால் கிடைக்கும்: பல வருடம் பலரும் கத்திய பிறகுதான் 2019இல் ஹோம் பதிப்பிலும் 35 நாள் வரை நிறுத்திவைக்கும் வசதி வந்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் விசேஷம் என்றால் முன்கூட்டியே அமுக்கி வையுங்கள்.

இன்னொன்று, அவசரம். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் திறக்கும்போதே பிட்லாக்கர் சாவி கேட்டன. 48 இலக்கம், யாருக்கு மனப்பாடம்? உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். தெரியாத அங்கிள், ஆண்டி எல்லாம் ஞாயிறு அன்னதானம் முடிந்ததும் லேப்டாப்போடு வாங்க, எடுத்துக் கொடுக்கிறோம். சார்ஜரையும் மறக்காதீங்க.