கடலில் காணாமல் போனால் ஹைதராபாத் எப்படித் தேடும்?

கடலோரக் காவல் படைக்கு 1982-லேயே கோவாவில் சேட்டக் ஹெலிகாப்டர் அணி வந்துவிட்டது. ஆனால் படகு காணோம் என்றால் எந்தப் பக்கம் பறந்து தேடுவது?

அதைக் கணிக்க உதவுவது, கடலே இல்லாத ஹைதராபாத். அங்குள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் 2016-ல் 'சரத்' என்ற தேடல் கருவியைக் கொண்டுவந்தது. கடைசியாகப் பார்த்த இடம், நேரம், தொலைந்தது ஆளா படகா என்பதைக் கொடுத்தால் போதும். காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு, எங்கே மிதந்து போயிருக்கலாம் என்று வரைபடத்தில் காட்டும். சுமார் 60 வகைப் பொருட்களுக்குத் தனித்தனிக் கணக்கு. கவிழ்ந்த படகும் மனிதரும் ஒரே மாதிரி மிதப்பதில்லையே!

நேரம் போகப் போகத் தேட வேண்டிய பரப்பும் விரியும். அதனால் வீட்டார் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 1554-ஐ அழையுங்கள். கடலுக்குப் போகிறவர்கள், எந்தத் திசையில் போகிறீர்கள் என்று கரையில் ஒருவரிடமாவது சொல்லிட்டுக் கிளம்புங்க.