இளைஞர் மன்றங்களின் கணக்கும் காவலும்

ஊருக்கு ஓர் இளைஞர் மன்றம் இருக்கிறது. சில ஊர்களில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. மாலை நேர இலவச டியூஷன், இரத்த தான முகாம், ஏழை மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம், ஆண்டுக்கொரு சுற்றுலா என்று நம் பிள்ளைகள் சல்லிக் காசு சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள். இந்த உழைப்பைச் சமுதாயம் மனமாரப் பாராட்டுகிறது.

ஆனால், ஆர்வத்தோடு தொடங்கிய மன்றங்களில் பல, நாலைந்து ஆண்டுகளுக்குள் பூட்டிய அறையும் துருப்பிடித்த பெயர்ப் பலகையுமாகப் போய்விடுகின்றனவே, ஏன்? கொள்கைத் தகராறு என்று வெளியே சொல்வார்கள். உள்ளே விசாரித்தால், “போன வருஷ டூர் பணத்தில் மிச்சம் எங்கே?” என்ற ஒரு கேள்விதான் காரணமாக இருக்கும். பெரும்பாலும் அந்தப் பணத்தை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். தலைவர் தம் கையிலிருந்தும் போட்டிருப்பார். ஆனால் அதைக் காட்ட ஒரு தாள் இருக்காது. எழுதி வைக்காத காரணத்தால் நேர்மையானவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். அதைப் பார்க்கும் அடுத்த தம்பி, பொதுப் பணியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்கிறார். இதுதான் சமுதாயத்துக்கு உண்மையான நஷ்டம்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குப் புதிய பாடமல்ல. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கடனை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியது. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மன்றப் பொறுப்பாளர்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில், சந்தாவுக்கு வரிசை எண் அச்சிட்ட, அடிக்கட்டை உள்ள ரசீதுப் புத்தகம். பத்து ரூபாயானாலும் ரசீது. இப்போது பலரும் பொருளாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்புகிறார்கள். மன்றப் பணமும் வீட்டு மளிகைப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிறகு எந்தத் தணிக்கையாளராலும் பிரிக்க முடியாது. மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கும், அதில் பணம் எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஜகாத் பணத்தைச் சந்தாவோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. அதற்குரியவர்கள் யார் என்பது வரையறுக்கப்பட்டது. அது பேனர் அடிக்கவும் வேன் வாடகைக்கும் உள்ள பணமல்ல.

சுற்றுலாவுக்குக் கட்டணம் வசூலிக்கும் முன் வேன் வாடகை, சாப்பாடு, நுழைவுச் சீட்டு, அவசரச் செலவு என்று உத்தேசக் கணக்கை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். திரும்பிய ஒரு வாரத்துக்குள் உண்மைச் செலவையும் அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிர்வாகிகளில் இருவருக்கு மட்டும் தெரிந்து மன்ற நிதியிலிருந்து கொடுங்கள். அந்தப் பெயர் கணக்கில் இருக்கட்டும், பலகையில் வேண்டாம்.

அடுத்தது பதிவு. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு எண் கிடைத்ததும் லெட்டர்பேடு அடித்து அத்தோடு மறந்துவிடுகிறவர்களே அதிகம். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை ஒப்புதலுக்கு வைத்து, அதையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் பதிவாளருக்குத் தெரிவித்தால்தான் அந்தப் பதிவுக்கு உயிர் உண்டு.

வளைகுடா, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உதவியில் தனிக் கவனம் தேவை. வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரோ, அங்குள்ள ஓர் அமைப்போ கொடுத்தால், அவர் நம் சொந்தச் சாச்சாவாக இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் மன்றம் அதை வாங்கக் கூடாது. நல்ல எண்ணம் வழக்கில் சாட்சியாகாது.

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால்? 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் பலர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கூரைக் கொட்டகை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகினர். வெளியேறக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. மாடி அறையில் டியூஷன் நடத்தும் நம் மன்றங்கள், படிக்கட்டை அடைத்து நிற்கும் பழைய பெஞ்சுகளை இன்றே அகற்றட்டும்.

சுற்றுலா கிளம்பும் முன் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், வயது, பெற்றோர் தொலைபேசி எண், இரத்த வகை, வலிப்பு, ஆஸ்துமா போன்ற நோய் விவரம் கொண்ட பட்டியல் வேண்டும். ஒரு பிரதி பொறுப்பாளரிடம், மற்றொன்று ஊரில். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். ஒவ்வொரு முறை வண்டி ஏறும்போதும் பெயர் கூப்பிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வெள்ளை நம்பர் பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிடலாம். இரவு முழுவதும் ஓட்டிய டிரைவரை மறுநாள் பகலிலும் ஓட்ட வைக்காதீர்கள். பாதுகாப்புச் சட்டை இல்லாத படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏறாதீர்கள்.

சொல்லக் கூசினாலும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளைகள் கூடும் இடத்தைத் தேடிக் கெட்டவனும் வருவான். அவன் பெரும்பாலும் அந்நியனாக இருக்க மாட்டான். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பதை மன்ற விதியாகவே எழுதுங்கள். தலைவரும் அந்த விதிக்கு உட்பட்டவரே. தவறு நடந்தால், ‘ஊர் மானம்’ என்று சொல்லி ஜமாஅத்துக்குள்ளேயே முடித்துவிடுவது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரையிலும், மறைத்தவர் ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளரானால் ஓராண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 மன்றச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையைக் கைவிட்டு ஊர் காப்பாற்றும் மானம், மானமே அல்ல.

வியாபாரப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. பையன்கள் கடைக்கு வந்தால், தொந்தரவு விட்டால் போதும் என்று கல்லாவிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டுகிறீர்கள். உங்கள் கடையில் ஒரு நாள் வியாபாரத்தைச் சிட்டையில் ஏற்றாமல் விடுவீர்களா? அதே கண்டிப்பை மன்றத்திடமும் காட்டுங்கள். ரசீது கேளுங்கள். போன ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பேரேடு எழுதும் முறையைத் தம்பிகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஐந்நூறு ரூபாயைவிட அது பெரிய நன்கொடை.

கணக்குக் கேட்டால் கோபப்படுகிறவர் பொறுப்புக்கு வர வேண்டாம். கணக்குக் கேட்பதைச் சந்தேகமாக யாரும் எண்ணவும் வேண்டாம். பணமும் அமானிதம், பிள்ளைகளும் அமானிதம். ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு தீர்மானப் புத்தகம், ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு முதலுதவிப் பெட்டி. இந்த நான்கும் இல்லாத மன்றங்கள் அடுத்த கூட்டத்துக்குள் வாங்கிவிட வேண்டும். மேடையும் மைக்கும் அதற்குப் பிறகு வரட்டும்.