ஒரு விசையில் வெளுக்கும் மணப்பெண்

பெங்களூர் அல்சூரில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் பிழைப்பு. படம் எடுப்பவர்கள் வேறு. அவர்கள் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனால், மூவாயிரம் நாலாயிரம் படங்களில் பொறுக்கி, திருத்தி, பக்கம் பிரித்து அச்சுக்கு அனுப்ப வேண்டியது நான். முகூர்த்த மாதங்களில் தூக்கம் கம்மி. அதனால் போட்டோஷாப்பில் ஷார்ட்கட் சொல்லித்தருகிறேன் என்று யார் வந்தாலும் காது கொடுப்பேன். கேட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கும் வந்திருக்கிறேன். யோசிக்க வேண்டாத வேலை அத்தனையையும் கீபோர்டிடம் விட்டுவிடலாம். யோசிக்க வேண்டிய வேலையை ஒருபோதும் விடக்கூடாது. எங்கள் தொழிலில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

பிரஷ் அளவை மாற்ற மவுஸைத் தூக்கிக்கொண்டு மெனு வரைக்கும் போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் அதற்குத்தான்: இடது சிறிதாக்கும், வலது பெரிதாக்கும். பிரஷ் கையில் இருக்கும்போது 5 தட்டினால் அதன் அடர்த்தி 50 சதவீதம், 2 தட்டினால் 20. எக்ஸ் விசை முன் நிறத்தையும் பின் நிறத்தையும் இடம் மாற்றும். மாஸ்க்கில் வெள்ளை தீட்டினால் தெரியும், கறுப்பு தீட்டினால் மறையும். கூந்தல் ஓரத்தில் பிரஷ் கொஞ்சம் தாண்டிவிட்டதா, எக்ஸ் தட்டி அதே இடத்தில் திரும்பத் தீட்டினால் தீர்ந்தது. லேயரின் கண் அடையாளத்தை ஆல்ட்டோடு சேர்த்து அழுத்தினால் மற்ற லேயர்கள் எல்லாம் ஒளிந்துகொள்ளும். திருத்தியதையும் திருத்தாததையும் மாற்றி மாற்றிப் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலப வழி இல்லை.

கேப்ஸ் லாக் தனிக் கதை. “அக்கா, பிரஷ் வட்டம் காணாமப் போச்சு, சாஃப்ட்வேரே கெட்டுப்போச்சு போல” என்று பையன்கள் போன் செய்வார்கள். போட்டோஷாப்பில் கேப்ஸ் லாக் விழுந்துவிட்டால் வட்டம் போய் வெறும் குறி மட்டும் நிற்கும். அணைத்தால் திரும்ப வந்துவிடும். அதே கேப்ஸ் லாக் லைட்ரூமில் வரம். அதைப் போட்டுவிட்டு பி அழுத்தினால் படம் தேர்வாகும், எக்ஸ் அழுத்தினால் கழியும், அடுத்த படம் தானாக வந்து நிற்கும். கண் மூடியவை, ஆடிப்போனவை, யாரோ குறுக்கே வந்தவை எல்லாம் சரசரவென்று உதிர்ந்துவிடும்.

‘ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்று திரை சொல்லும்போது மட்டும் எந்த விசையும் உதவாது. எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, ஸ்க்ராட்ச் டிஸ்க்கை அதற்கு மாற்றிவிடுங்கள். அதுதான் பெரிய ஷார்ட்கட்.

இனி விடக்கூடாதவை. ஐட்ராப்பரை எடுத்து மாப்பிள்ளை வேட்டியில் ஒரு கிளிக், ஒயிட் பேலன்ஸ் சரி என்று எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் அது பலிக்காது. வேட்டிக்கு நீலம் போட்டிருக்கும். புது வேட்டி என்றால் ஆலையிலேயே பளபளப்புக்கு ஏதோ சேர்த்திருக்கும். கண்ணுக்கு அது வெள்ளை, கேமராவுக்கு இளநீலம். அதை வெள்ளை என்று நம்பும் மென்பொருள் நீலத்தைக் கழிக்கிறது. மேடையில் இருக்கிற அத்தனை முகமும் மஞ்சளிக்கிறது. ஏற்கெனவே நலங்கு மஞ்சள் வேறு. பெண்ணின் அரக்குப் பட்டு தாடைக்கடியில் சிவப்பாக அடிக்கும். பக்கத்தில் நிற்கும் நாத்தனாரின் கிளிப்பச்சை அவள் தோளில் ஏறும். பின்னால் மண்டபத்துக்காரர் ஊதா எல்இடி போட்டு வைத்திருப்பார். ஒரே படத்தில் நாலு வெளிச்சம். இதற்கு விசை கிடையாது, உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

1996-இல் வந்த போட்டோஷாப் 4-இல் ஆக்‌ஷன் என்ற வசதி சேர்ந்தது. நாம் செய்வதைப் பதிவு செய்துகொண்டு, பிறகு ஒரு எஃப் விசையைத் தட்டினால் அதையே வரிசை மாறாமல் செய்யும். வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்கு 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபிக்குள் என்று படம் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டூடியோக்களுக்குள் பென் டிரைவில் கைமாறும் ஆக்‌ஷன் தொகுப்புகளில், என் கைக்கு வந்த வரையில், தவறாமல் இருப்பது ‘ஃபேர்’ என்றோ ‘ஸ்கின் ஒயிட்’ என்றோ பெயரிட்ட ஒன்று. திறந்து பார்த்தால் உள்ளே பெரிய வித்தை இல்லை: ஒரு நகல் லேயர், ஸ்க்ரீன் மோடு, கொஞ்சம் பிளர், சிவப்பை இறக்குகிற ஒரு கர்வ். எஃப்-2 தட்டினால் மாநிறப் பெண் இரண்டு நொடியில் வெளுத்துவிடுவாள்.

அவள் மட்டும் வெளுப்பதில்லை. தலையில் வைத்த மல்லிகை இதழ் தெரியாமல் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். மூக்குத்தியின் கல் சருமத்தோடு கரைந்துபோகும். மருதாணிக் கை மட்டும் அதன் சொந்த நிறத்தில் நிற்க, முகம் வேறு யாருடையதோ போல் இருக்கும். குரூப் போட்டோவில்தான் அநியாயம். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே ஜாடை, ஒரே நிறம். ஆல்பத்தில் மகள் அடுத்த வீட்டுப் பெண். கன்னடக் குடும்பம் என்றால் “ஸ்வல்ப பெள்ளகே மாடி” என்பார்கள், நம்மவர்கள் “கொஞ்சம் கலரா காட்டுங்க” என்பார்கள். கேட்பது பெரும்பாலும் பெண்ணல்ல, கூட வந்தவர்கள்.

இந்தச் சாய்வை நாம் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ஃபிலிம் காலத்தில் அச்சுக் கூடங்கள் நிறம் சரிபார்க்க வைத்திருந்த கோடாக்கின் ‘ஷர்லி’ அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண் முகம்தான். பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டது. ஆக்‌ஷன் தொகுப்புகளில் அது அப்படியே இருக்கிறது.

போட்டோஷாப்பின் டாட்ஜ், பர்ன் கருவிகளின் சின்னங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்று குச்சியில் சொருகிய வட்ட அட்டை, இன்னொன்று குவித்த கை. இருட்டறையில் என்லார்ஜர் வெளிச்சத்துக்கடியில் அட்டையைக் காட்டி மறைத்த இடம் வெளிறும். கையை வளைத்து, நடு ஓட்டை வழியாகக் கூடுதல் வெளிச்சம் விட்ட இடம் கறுக்கும். இந்த ஊரில் வாழ்ந்து 2017-இல் மறைந்த காட்டுயிர்ப் படக்கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் போட்ட தலைமுறைக்கு அதுதான் கருவி. எந்த இடம், எத்தனை நொடி என்பதை ஒவ்வொரு தாளுக்கும் தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பழம்பெருமை பேசவில்லை. அந்த இருட்டறைக்குத் திரும்பிப் போக எனக்கு ஆசையே இல்லை, ரசாயன நாற்றம் ஆகாது. அந்தத் தீர்மானம் மட்டும் கையில் இருக்கட்டும் என்கிறேன்.

இப்போது நம் பழைய வேலைகளைப் படித்துவிட்டு நம் பாணியிலேயே திருத்தித் தரும் ஏஐ மென்பொருட்கள் வந்திருக்கின்றன. நேரம் மிச்சமாகும், சந்தேகமில்லை. ஆனால் எஃப்-2 தட்டித் தட்டிச் சேர்த்த பத்து வருட ஆல்பங்களை அதற்குப் படிக்கக் கொடுத்தால், கேட்காமலே வெளுக்கும். பிறகு ‘இதை யார் சொன்னது’ என்று கேட்க ஒரு விசைகூட இருக்காது.

என் கம்ப்யூட்டரில் எஃப்-2, படத்தை அச்சகத்தின் அளவுக்கு மாற்றிச் சேமிக்கிறது. புதிதாக வரும் குடும்பத்திடம், பெண்ணை வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்து பியூட்டி மோடு இல்லாமல் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். திருத்தும்போது அது திரை ஓரத்தில் திறந்தே இருக்கும். மண்டபத்து விளக்கில் இருண்டுபோன முகத்தை அந்த நிறத்துக்குக் கொண்டுவருவது என் வேலை, கட்டணத்துக்குள் அடக்கம். அதற்கு மேல் வெளுக்க வேண்டுமா, முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், பிழைப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறதே. அதனால் படத்துக்குப் படம் கையால் செய்வேன், படத்துக்கு இவ்வளவு என்று தனி ரேட் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் முழுக்க என்று ஆரம்பித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அட்டைப்படம் மட்டும் போதும் என்பார்கள். கல்யாணப் பெண்ணே பக்கத்தில் இருந்தால் சில சமயம் அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள்.