கோளாறைத் தேடும் உத்தியோகம்

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலைமேல் காவலூர் என்று ஓர் ஊர். சுற்றிலும் காடு. பட்டணத்து விளக்குகளின் வெளிச்சம் எட்டாத இடம். அதனால்தான் வானத்தை ஆராய இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் விஞ்ஞானி வைணு பாப்பு. அவர் பெயரைத் தாங்கிய பெரிய டெலஸ்கோப் இன்றும் அங்கே இருக்கிறது. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்.

அந்த டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து உருவாக்கியது. தேய்ப்பார்கள், அளந்து பார்ப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். வருஷக்கணக்கில் நடந்த வேலை.

ஏறக்குறைய அதே அளவில் அமெரிக்காவிலும் ஒரு கண்ணாடி தயாரானது. ஹப்பிள் டெலஸ்கோப்பின் கண்ணாடி. அகலம் 2.4 மீட்டர். 1990 ஏப்ரலில் அதை விண்ணுக்கு அனுப்பினார்கள். முதல் படங்கள் வந்தன. எல்லாம் மங்கல்!

அளவுகோலே தப்பு

என்ன நடந்தது? கண்ணாடியின் வளைவு சரியா என்று பார்க்க ஒரு நயமான கருவி வைத்திருந்தார்கள். அந்தக் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. தப்பான அளவுகோலுக்குச் சரியாக இருக்கும்படி கண்ணாடியைத் தேய்த்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம்தான் வேதனை. வேறு கருவிகளும் அங்கே இருந்தன. அவை "எங்கோ கோளாறு" என்று காட்டின. "அவை மட்டமான கருவிகள், இதுதான் உசத்தி" என்று சொல்லி அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய், மூக்குக் கண்ணாடி மாட்டுவதுபோல ஒரு சாதனத்தைப் பொருத்திய பிறகே பார்வை தெளிந்தது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19-ம் தேதி உலகம் எங்கும் விமான நிலையங்கள் ஸ்தம்பித்தது நினைவிருக்கும். நம் நாட்டில் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனி அனுப்பிய ஒரு சிறிய பைல்தான் காரணம். 21 விவரங்கள் வேண்டிய இடத்தில் 20 மட்டுமே வந்தன. அனுப்பும் முன் பைலைச் சரிபார்க்க ஒரு புரோகிராம் இருந்தது. அந்தப் புரோகிராமிலேயே பிழை! கண்ணாடி விஷயத்தில் நடந்ததுதான் முப்பத்துநாலு வருஷம் கழித்து இங்கும் நடந்தது.

இப்படிப்பட்ட பிழைகளைத் தேடுவதற்கென்றே ஓர் உத்தியோகம் உண்டு. 'சாப்ட்வேர் டெஸ்டிங்' என்று பெயர். கம்ப்யூட்டருக்கு ஒருவர் கட்டளைகளை எழுதுவார். டெஸ்டர் என்பவர் அதை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று முயன்று பார்ப்பார். வயது கேட்கும் இடத்தில் பெயரை எழுதுவார். ஒரு பொத்தானை பத்துத் தடவை அழுத்துவார். ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகும் ரயில்களில் இந்த வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் நிறையப் பேர். வீட்டில் கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள்.

விக்ரம் விழுந்த கதை

இந்த உத்தியோகத்தின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்த இரவு ஒன்று உண்டு. 2019 செப்டம்பர் 7, விடியுமுன். சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் என்ற கலம் சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தது. பூமியிலிருந்து அதைப் பிடித்து ஓட்ட முடியாது. நாம் கட்டளை அனுப்பினால் போய்ச் சேரவே ஒரு விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்குவது முழுவதும் கலத்துக்குள் இருந்த சாப்ட்வேரின் பொறுப்பு.

முதல் கட்டம் சரியாகவே போயிற்று. அப்புறம் தகவல் நின்றுவிட்டது. கலம் வேகமாகத் தரையில் மோதிவிட்டது. இஸ்ரோ தலைவர் கே.சிவன் கண்ணீர் விட்டதையும், பிரதமர் மோடி அவரைத் தழுவிக்கொண்டதையும் டெலிவிஷனில் பார்த்தோம்.

காரணம் என்ன? பின்னர் இஸ்ரோ தலைவரான எஸ்.சோமநாத் 2023 ஜூலையில் விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாகத் தள்ளின. சின்ன வித்தியாசம்தான். ஆனால் அது சேர்ந்துகொண்டே போயிற்று. அதைச் சரிசெய்யக் கலம் சட்டென்று திரும்ப வேண்டியிருந்தது. இவ்வளவு வேகத்துக்கு மேல் திரும்பக் கூடாது என்று சாப்ட்வேரில் ஒரு வரம்பு இருந்தது. அவ்வளவு வேகமாகத் திரும்ப நேரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அந்தச் சின்ன இடத்தை எட்டிப் பிடிக்கக் கலம் வேகத்தைக் கூட்டிக்கொண்டது. குறைக்க வேண்டிய நேரத்தில் கூட்டல்!

உடைந்த துண்டு எங்கே கிடந்தது என்பதிலும் நமக்குப் பெருமை உண்டு. நாசா படங்களை வெளியிட்டது. பலரும் தேடினார்கள். சென்னை இஞ்சினீயர் சண்முக சுப்பிரமணியன் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, புதிதாகத் தோன்றிய ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தார். 2019 டிசம்பரில் நாசாவே அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டியது. முன்னே எப்படி இருந்தது, பின்னே எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுவதுதான் டெஸ்டர்கள் தினமும் செய்கிற வேலை.

என்னென்ன கெட்டுப்போகும்?

அடுத்த தடவை இஸ்ரோ கேள்வியை மாற்றிப் போட்டது. "எப்படி ஜெயிக்கும்?" என்று கேட்கவில்லை. "எது எது கெட்டுப்போகும்? கெட்டாலும் எப்படி இறங்கும்?" என்று கேட்டது. சென்சார் பழுதானால்? எஞ்சின் பழுதானால்? கணக்கே பிசகினால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி செய்தார்கள்.

இறங்கும் இடம் 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலம் ஆயிற்று. கால்கள் பலமாயின. எரிபொருள் கூடியது. வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்று சேர்ந்தது. ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். கிரேனில் கட்டி எஞ்சினை எரியவிட்டுப் பார்த்தார்கள். சந்திரனின் மண்ணைப்போன்ற மண் வேண்டுமே! அது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி வட்டாரத்தில் கிடைத்தது. விழுப்புரத்துக்காரரான பி.வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிஷம். கலம் பத்திரமாக இறங்கியது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். விக்ரம் விழுந்ததற்கு 2019 நவம்பரில் பாராளுமன்றத்தில் சில வரிகளில் பதில் கிடைத்தது. விவரமான விளக்கம் ஜனங்களுக்கு எட்டியது ஏறக்குறைய நாலு வருஷம் கழித்துத்தான். அதுவும் அடுத்த கலம் புறப்படும் சமயத்தில். கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியோ மூன்று வாரத்துக்குள் தன் தப்பை அறிக்கையாக வெளியிட்டது. "மகா தோல்வி" என்று கேலியாகக் கொடுத்த பரிசை அதன் பிரசிடெண்டே மேடையேறி வாங்கிக்கொண்டார். ஊழியர்கள் தினமும் பார்க்கும்படி தலைமை ஆபீசில் வைக்கப்போவதாகவும் சொன்னார்.

நம் ஊர்க் கம்பெனிகளில் இந்தத் துணிச்சல் அபூர்வம். வேலை முடிய வேண்டிய தேதியை முதலிலேயே குறித்துவிடுகிறார்கள். எழுதுகிறவர்கள் பத்து நாள் தாமதித்தால், அந்தப் பத்து நாளும் டெஸ்டர்களின் கணக்கில் கழிகிறது. கடைசி நேரத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும் பெண்ணுக்குக் கிடைப்பது நன்றி அல்ல, "இதை இப்போதா சொல்வது?" என்ற கேள்விதான்.