காலேஜ் ஹாக்கி முடிஞ்சாச்சு... அடுத்த 2 வருஷம் ஏன் ரொம்ப முக்கியம்?

2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் இந்திய அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம் ரூபாய்க்குப் போனார். அந்தச் செய்தி எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. தென்காசி, குற்றாலம் பக்கம் கல்லூரி அணியில் ஆடிவிட்டு, கடைசி செமஸ்டர் எழுதி முடித்த பையனும் பொண்ணும் அதே செய்தியைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் கேட்கிற கேள்வி வேற. "ஏலே, மட்டையைத் தூக்கிட்டு அலைஞ்சது போதும். அடுத்து என்ன செய்யப் போற?"

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குச் சுற்றியிருப்பவர்கள் வழக்கமாகத் தருகிற இரண்டு பதில்களுமே தப்பு என்பது என் கருத்து. ஒன்று, "ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு, எப்படியும் வேலை கிடைச்சிரும், காத்திரு." இன்னொன்று, "அதெல்லாம் விட்டுட்டு ஒழுங்கா ஒரு வேலையைத் தேடு." ஏன் தப்பு என்று புரிய, கோட்டா எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில், தொழில்முறை ஹாக்கியில் எத்தனை பேருக்கு இடம்?

ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடியும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கில் ஆண்களுக்கு 8 அணிகள். ஒரு அணிக்கு 24 பேர். அதில் 8 பேர் வெளிநாட்டுக்காரர்கள். மீதி 16 பேர் இந்தியர்கள். 8 அணிகளுக்கும் சேர்த்தால் 128 பேர். இந்தியா முழுக்க அவ்வளவுதான். பெண்களுக்கு முதல் சீசனில் 4 அணிகள்தான். ஆண்களில் 'தமிழ்நாடு டிராகன்ஸ்' இருந்தது. பெண்களில் தமிழ்நாட்டின் பெயரில் ஓர் அணிகூட இல்லை.

இதைச் சொல்வது நம்பிக்கையைக் குலைக்க இல்லை. நம்ம பக்கத்திலிருந்து போக முடியும் என்பதற்கு ஆதாரமே இருக்கிறது. கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயிற்சி எடுத்த செல்வம் கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் அடித்தார். இந்தியா வெண்கலம் வென்றது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது.

ஆனால் ஒரு சக்திவேல் இந்திய ஜெர்சி போடும்போது, அவரோடு அதே மைதானத்தில் ஓடிய எத்தனையோ பேர் கல்லூரியோடு நின்றிருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

கோட்டா என்றால் என்ன கோட்டா?

எல்லாவற்றையும் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே வேறு வேறு விதிகள்.

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2018-ல் 2 சதவீதமாக அறிவிக்கப்பட்டு, பிறகு உயர்த்தப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் அந்த வரிசையில் சர்வதேச, தேசியப் பதக்கம் வாங்கியவர்களும் நிற்பார்கள். கல்லூரி அளவில் மட்டும் ஆடியவருக்கு அங்கே போட்டி கடுமை.

மத்திய அரசுத் துறைகள் நேரடி நியமனத்தில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களை எடுக்கலாம். இதில் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சாதகமான ஒரு வரி இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் உங்கள் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தாலே அடிப்படைத் தகுதி உண்டு. நம்ம பகுதி மாணவர்களுக்கு அது பெரும்பாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணி. ஆனால் முன்னுரிமை என்று வரும்போது நாட்டுக்காக ஆடியவர் முதலில், தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடி முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர் அடுத்து, பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடித்தவர் அதற்கு அடுத்து. இடம் எதுவும் பிடிக்காமல், கலந்துகொண்டவர் மட்டும் என்றால் வரிசையில் இன்னும் பின்னால்.

ரயில்வே இன்னும் கறார். குரூப் 'சி' வேலைக்குப் பல்கலைக்கழக ஆட்டத்தைக் காட்டுவதாக இருந்தால், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் குறைந்தது மூன்றாம் இடம் வேண்டும். தென் மண்டலப் போட்டியோடு வீடு திரும்பியவர், மாநில அணிக்காக ஆடிய வேறு சான்று இருந்தால்தான் உள்ளே வர முடியும். பிறகு 100 மதிப்பெண். அதில் சாதனைக்கு 50, டிரயல்ஸில் காட்டும் ஆட்டத்துக்கும் உடல் தகுதிக்கும் 40, படிப்புக்கு 10. "கோட்டான்னா சும்மா கொடுத்துருவாங்க" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்க்கலாம்.

யாரும் சொல்லாத எக்ஸ்பயரி தேதி

இதுதான் முக்கியமான இடம். டிகிரிக்குக் காலாவதி கிடையாது. ஹாக்கி சான்றிதழுக்கு உண்டு.

ரயில்வே நடைமுறையில், நடப்பு நிதியாண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் ஆடிய போட்டிகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாணவி 2026 ஜனவரியில், 21 வயதில், பல்கலைக்கழக அணிக்காக ஆடிப் பதக்கம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 2025-26 நிதியாண்டு. அந்தச் சான்று 2028 மார்ச் வரை வரும் அறிவிப்புகளுக்குத்தான் உதவும். அப்போது அவருக்கு 23 வயது.

ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வயது வரம்பு 18 முதல் 25. தளர்வு கிடையாது. எனவே எல்லோரும் "25 வரைக்கும் டைம் இருக்கே" என்று நினைக்கிறார்கள். வயசு இருக்கும், சான்று இருக்காது. 23-க்கும் 25-க்கும் நடுவில் அவருக்கு வாய்ப்பு வேண்டும் என்றால், கல்லூரியை விட்டு வந்த பிறகும் அவர் மாநில அளவில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கே ஆடுவது? இங்கேதான் சிக்கல். கல்லூரி அணி போய்விட்டது. குற்றாலத்திலோ தென்காசியிலோ இருப்பவர், செயற்கைப் புல்வெளியில் பயிற்சி எடுக்க கோவில்பட்டிக்குப் போவதென்றால் சங்கரன்கோவில் வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர். வேலை பார்த்துக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் அந்தத் தூரம் போய் வர முடியுமா? முடியாது. மண் தரையில் பந்து எகிறும், வேகம் மட்டுப்படும். செயற்கைத் தளத்தில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். முதலில் சொன்ன தரையில் மட்டும் ஆடிப் பழகிவிட்டு, இரண்டாவதில் நடக்கும் டிரயல்ஸுக்குப் போனால், 40 மதிப்பெண்ணில் முதல் அடி அங்கேயே விழும்.

ஆக, கல்லூரி முடிந்த அடுத்த இரண்டு வருஷம்தான் ஒருவரின் ஹாக்கியால் அவருக்கு ஏதாவது கிடைக்குமா, கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த இரண்டு வருஷத்துக்கு நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை. பள்ளிக்கு விளையாட்டு விடுதி இருக்கிறது. கல்லூரிக்குச் சேர்க்கையில் முன்னுரிமை இருக்கிறது. அதற்குப் பிறகு வெறும் காத்திருப்பு.

ஓகே, அப்போ என்ன பண்ணலாம்?

முதல் வேலை, காகிதம். பல்கலைக்கழக அணிக்காக ஆடியவருக்கு மத்திய அரசு வேலைக்குத் தேவையான சான்றிதழ் 'படிவம் 3'. மாநில அணிக்காக ஆடியிருந்தால் 'படிவம் 2'. மைதானத்தில் கொடுத்த பங்கேற்புச் சான்றிதழும் கோப்பையோடு எடுத்த போட்டோவும் இதற்கு ஈடாகாது. படிவம் 3-ல் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். கல்லூரியில் இருக்கும்போதே, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற உடற்கல்வி இயக்குநர் அங்கே இருக்கும்போதே, இதை வாங்கிவிடுங்கள். அறிவிப்பு வந்தபிறகு அபிஷேகப்பட்டிக்கு பஸ் ஏறினால் நாள் போதாது.

இரண்டாவது, வேலைக்குச் சேருங்கள். ஆமாம், டிரயல்ஸுக்குக் காத்திருக்கும்போதே. ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித் துறை என்று சென்னையில் ஹாக்கி அணி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அவை எல்லா வருஷமும் ஆள் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஹாக்கிக்கு ஓரிரண்டு இடம்தான் வரும். சில அறிவிப்புகளில் முன்கள வீரரா, தடுப்பாட்டக்காரரா, கோல்கீப்பரா என்பதுவரை குறிப்பிட்டிருப்பார்கள். நீங்கள் கோல்கீப்பராக இருந்து, அந்த வருஷம் அவர்களுக்கு முன்கள வீரர் தேவைப்பட்டால், உங்கள் திறமைக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. அதை நம்பி ஒரு வருஷம் முழுக்க வீட்டில் இருப்பது பெரிய சூதாட்டம்.

மூன்றாவது, ரெஸ்யூமேயில் ஹாக்கியை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். நிறையப் பேர் கடைசியில் 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பின் கீழ், இசை கேட்பதற்கும் புத்தகம் படிப்பதற்கும் நடுவில் போட்டுவிடுகிறார்கள். மூன்று வருஷம் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போனது பொழுதுபோக்கா? 'பல்கலைக்கழக அணி, நடுக்கள வீரர், இரண்டு சீசன்' என்று தனியாக எழுதுங்கள். "டீம் ஸ்பிரிட் கத்துக்கிட்டேன்" என்று இன்டர்வியூவில் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் சம்பவத்தைச் சொல்லுங்கள். மஞ்சள் அட்டை வாங்கிய சக வீரர் குறைந்தது ஐந்து நிமிஷம் வெளியே உட்கார, பத்துப் பேராக எப்படி ஆட்டத்தைப் பிடித்து வைத்தீர்கள்? கேப்டனாக இருந்திருந்தால், 18 பேருக்கு ரயில் டிக்கெட்டும் தங்கும் இடமும் சாப்பாடும் யார் பார்த்தது? ஒரு மேனேஜருக்கு இது நன்றாகவே புரியும். தென்காசி மத்தளம்பாறையில் ஸோகோ மாதிரி ஒரு நிறுவனம் டிகிரியை மட்டும் பார்க்காமல் ஆள் எடுக்கிற காலம் இது. உங்களிடம் காட்ட ஏதோ இருக்கிறது என்றால் காட்டுங்கள்.

நான்காவது, ஹாக்கியிலேயே இருக்க ஆசைப்படுபவர்களுக்கு ஆடுவது மட்டுமே வழியில்லை. உடற்கல்வி ஆசிரியராக பி.பி.எட். இரண்டு வருஷம். பயிற்சியாளராக பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோ, ஹாக்கி இந்தியாவின் பயிற்சியாளர் படிப்புகள். நடுவர் வேலையும் உண்டு. இதற்கெல்லாம் 25 வயது என்ற கதவு கிடையாது.

ஐந்தாவது, எச்சரிக்கை. "சர்டிஃபிகேட்டும் நானே ரெடி பண்ணித் தாரேன், வேலையும் வாங்கித் தாரேன், ரெண்டு லட்சம் ஆகும்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். சான்றிதழ் கொடுத்த அமைப்பிடமே துறை சரிபார்க்கும். போலி என்று தெரிந்தால் சேர்ந்த வேலையும் போகும், வழக்கும் வரும்.

மாற வேண்டியது ஆட்டக்காரர் மட்டுமா?

இதுவரை சொன்னதெல்லாம் தனி ஆள் செய்ய வேண்டியது. அதோடு நிறுத்தினால் பொறுப்பு முழுவதையும் 21 வயதுப் பிள்ளைகள் தலையில் கட்டியதாகிவிடும்.

உலகக் கோப்பையை நடத்த முடிகிற மாநிலத்தால், கல்லூரி முடித்தவர்களுக்கு மாவட்ட அளவில் ஒரு வார இறுதி லீக் நடத்த முடியாதா? கோவில்பட்டியில் ஆண்டுதோறும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாடு முழுவதும் இருந்து அணிகள் வருகின்றன. அந்த மைதானத்தில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு தென்காசி, நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்ட கிளப் அணிகள் மோதினால், 23 வயதில் ஒருவர் டிரயல்ஸுக்குப் போகும்போது கால் துருப்பிடித்திருக்காது. மாநில அணிக்கு ஆள் தேடுபவர்களுக்கும் பார்க்க ஓர் இடம் கிடைக்கும்.

பல்கலைக்கழகங்கள் படிவம் 3-ஐ மாணவர் கேட்டு அலைந்து வாங்குகிற பொருளாக வைத்திருக்க வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியல் போல, சீசன் முடிந்ததும் தானாகக் கொடுக்கலாம். செலவு ஒரு காகிதம்.

நிறுவனங்களுக்கும் ஒரு கோரிக்கை. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு விட்டுவிட்டால், அந்த ஊழியர் மறுநாள் காலையில் கூடுதலாகவே வேலை செய்வார்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். ஒரு பையன் வேலை தேடும் இரண்டு வருஷத்தை வீடு பொறுத்துக்கொள்ளும். அதே இரண்டு வருஷத்தில் பொண்ணுக்கு ஜாதகம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். குற்றாலம் பராசக்தி கல்லூரி மாதிரி மகளிர் கல்லூரிகளிலிருந்து வெளியே வரும் ஆட்டக்காரர்களுக்கு, "இன்னும் ஆடிட்டுதான் இருக்கேன், அடுத்த மாசம் மேட்ச் இருக்கு" என்று வீட்டில் சொல்ல ஒரு லீக் இருந்தால், அதுவே பெரிய பிடி.

குற்றாலத்தில் சாரல் தொடங்குகிற ஜூனில்தான் பெரும்பாலும் டிகிரி ரிசல்ட்டும் வருகிறது. இந்த வருஷம் உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு ஹாக்கி பிளேயர் கல்லூரியை முடித்திருந்தால், "அடுத்து என்ன?" என்று கேட்பதற்கு முன்னால், "படிவம் 3 வாங்கிட்டியா, கடைசியா எந்தத் தேதியில ஆடின?" என்று கேளுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு ஓட ஆரம்பிக்கிறது.