அலியா, டைசனா? முதலில் வினாத்தாளைக் காட்டுங்கள்

பேரையூர் டீக்கடையில் முந்தாநாள் ஆரம்பித்த ஒரு சண்டை இன்னும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதி இறக்கி வைத்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்ததிலிருந்து குத்துச்சண்டைப் பைத்தியம். செல்போனில் மைக் டைசன் சண்டைகளாகப் பார்த்துத் தள்ளுகிறான். "சார், எந்தக் காலத்துக்கும் ஒரே ஹெவிவெயிட் டைசன்தான். உங்க முகமது அலி அவர்கிட்ட மூணு ரவுண்டு தாங்க மாட்டார்" என்றான். நான் மறுத்ததும், "நீங்க உங்க காலத்து ஆளைத்தானே சார் தூக்கிப் பிடிப்பீங்க" என்று ஒன்று விட்டான். அது வலித்தது. பாதி உண்மை என்பதால் வலித்தது.

ஒத்துக்கொள்கிறேன். 1980 ஆரம்பத்தில் அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். எல்லிஸ் அலியின் ஊர்க்காரர், அவரும் முன்னாள் சாம்பியன். எம்.ஜி.ஆரும் அலியும் சேர்ந்து நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் அலியின் ஒரு சண்டையை முழுசாக நான் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு, பேரனின் போனில். பார்க்காத ஒரு ஆளை உலகத்திலேயே பெரியவர் என்று வருஷக்கணக்கில் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்! ஆகவே பையன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இப்போது பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

'இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார்' என்ற கேள்வியே வீண். இதை ஒருமுறை கம்ப்யூட்டரிடமே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 1967-ல் அமெரிக்காவில் மரே வோரோனர் என்ற வானொலிக்காரர் பழைய, புதிய சாம்பியன்களின் விவரங்களைக் கணினியில் கொடுத்து கற்பனைப் போட்டி நடத்தினார். அதில் அலி, ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக வந்தது. அலி கேஸ் போட்டார். சமாதானத்தில் முடிந்து, 1969-ல் அலியையும் ராக்கி மார்சியானோவையும் மேடையேற்றி நடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். 1970 ஜனவரியில் திரையிட்டபோது, அமெரிக்காவில் மார்சியானோ 13-வது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். பிரிட்டனில் காட்டிய பிரதியில் ஜெயித்தது அலி! பாவம், மார்சியானோ அதைப் பார்க்கவில்லை. படம் வருவதற்கு முன்பே, 1969 ஆகஸ்ட் 31-ல் விமான விபத்தில் போய்விட்டார்.

அப்படியானால் ஒப்பிடவே முடியாதா? முடியும். நான் வாத்தியார், எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். எங்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யில் 600-க்கு 400 வாங்கியவனை ஊரே வேடிக்கை பார்க்கும். இன்று 500-க்கு 490 வாங்கிவிட்டு வீட்டில் திட்டு வாங்குகிறார்கள். மார்க்கை மட்டும் வைத்து எவன் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. இரண்டு வினாத்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல்லலாம். குத்துச்சண்டையில் வினாத்தாள் என்பது எதிராளிதான்.

விதியும் மாறிப்போனது. நம் பக்கம் ஜல்லிக்கட்டில் ஒரு காலத்தில் கொம்பில் கட்டிய சல்லிக்காசை அவிழ்க்க வேண்டும், இன்று திமிலைப் பிடித்து எல்லை வரை போனால் போதும். அதுபோல, முன்பு பட்டப் போட்டி 15 ரவுண்டு. 1982-ல் கொரிய வீரர் கிம் டுக்-கூ சண்டையில் அடிபட்டு இறந்த பிறகு படிப்படியாக 12 ஆனது. உடம்பும் மாறியது. 49 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காத மார்சியானோவின் எடை சுமார் 85 கிலோ. இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை, ஒரு படி கீழே. டைசன் ஃப்யூரி 6 அடி 9 அங்குலம். அந்த ஃப்யூரியைத் தன் உயரத்துக்கு ஆறு அங்குலம் குறைந்த உக்ரைன்காரர் உசிக் 2024-ல் இரண்டு முறை ஜெயித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் மட்டும் போதாது.

வினாத்தாள் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக என்னால் முடியாது. ஜாக் ஜான்சன் 1908-ல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1915-ல் அவர் பட்டத்தை இழந்த பிறகு 22 வருஷம், 1937-ல் ஜோ லூயி வரும் வரை, ஒரு கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத வாய்ப்புத் தரவில்லை. ஜாக் டெம்ப்சி பெரிய வீரர்தான். ஆனால் வருஷக்கணக்காக வாசலில் நின்ற ஹாரி வில்ஸுடன் அவர் மோதவே இல்லை. பாதிக் கேள்வியைக் கிழித்துவிட்டு எழுதிய பரீட்சை அது. மேடையில் ஏறவே விடாத ஆளின் திறமையை எந்தப் புள்ளிவிவரத்தில் தேடுவது? இந்தக் கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லூயி 25 முறை பட்டத்தைக் காத்தார். 1937 முதல் 1949 வரை கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷம் அசைக்க முடியவில்லை. எதிராளிகளில் பலர் சுமார் ரகம்தான், அன்றைய பத்திரிகைகளே கிண்டல் செய்தன. ஆனால் 1936-ல் தன்னை நாக் அவுட் செய்த ஜெர்மானியர் ஷ்மெலிங்கை இரண்டு வருஷம் கழித்து 124 விநாடியில் முடித்தார்.

இப்போது அலியின் வினாத்தாள். 22 வயதில் லிஸ்டன். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-ல் பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை வருஷம் மேடையே இல்லை. ஒரு வீரனின் நல்ல வயதெல்லாம் கோர்ட்டில் போனது. திரும்பி வந்து 1971-ல் ஃப்ரேசியரிடம் தோற்றார். 1973-ல் கென் நார்ட்டன் தாடையை உடைத்தார். அதன் பிறகு அந்த இருவரையும் தேடிப் போய் மறுபடி மோதி ஜெயித்தார். அந்த ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் தலா இரண்டே ரவுண்டில் சுருட்டிய ஜார்ஜ் ஃபோர்மனை, 1974 அக்டோபர் 30-ல் கின்ஷாசாவில், 32 வயதில், எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். கயிற்றில் சாய்ந்துகொண்டு அடி வாங்கிவாங்கி ஃபோர்மனைக் களைக்க வைத்த அந்தச் சண்டையை நான் நாலு முறை பார்த்துவிட்டேன். அந்த ஃபோர்மன் என்ன சாதாரண ஆளா? இருபது வருஷம் கழித்து 45 வயதில் மறுபடி சாம்பியன் ஆனவர்!

அலியிடம் குறையே இல்லையென்று சொல்லவில்லை. 1976-ல் நார்ட்டனுடன் நடந்த மூன்றாவது சண்டைத் தீர்ப்பை இன்றைக்கும் பலர் ஏற்பதில்லை. ஃப்ரேசியரைக் குரங்கு என்று கேலி செய்தது அசிங்கம். அதை ஒரு மாணவன் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

பையன் ஒரு கணக்கு வைத்திருந்தான். "ட்ரெவர் பெர்பிக் 1981-ல் அலியை ஜெயிச்சார். அதே பெர்பிக்கை 1986-ல் டைசன் ரெண்டே ரவுண்டுல முடிச்சார். அப்ப யார் பெரியவர்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அலிக்கு 39 வயது, அதுதான் அவருடைய கடைசிச் சண்டை. இப்படிக் கணக்குப் போட்டால், 2024 நவம்பரில் 58 வயது டைசனை ஜெயித்த ஜேக் பால் டைசனைவிடப் பெரியவர் ஆகிவிடுவார். சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முறைத்தான்.

20 வயதில் சாம்பியன், அவரைவிடச் சின்ன வயதில் அந்தப் பட்டம் யாருக்கும் கிடைத்ததில்லை. ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். லாரி ஹோம்ஸ் தன் 75 சண்டைகளில் நாக் அவுட் ஆனது டைசனிடம் மட்டும்தான். அந்த இரண்டு மூன்று வருஷத்து டைசனைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் அவருடைய காலத்தின் கடினமான கேள்விகள் ஹோலிஃபீல்டும் லெனக்ஸ் லூயிஸும். ஹோலிஃபீல்டிடம் 1996-ல் தோற்றார், 1997-ல் மறுபடி மோதியபோது காதைக் கடித்தார். லூயிஸிடம் 2002-ல் எட்டாவது ரவுண்டில் விழுந்தார். தன்னை வீழ்த்திய ஒருவரையும் அவர் திருப்பி வீழ்த்தவில்லை. அலி, ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் லியோன் ஸ்பிங்க்ஸையும் திருப்பி வீழ்த்தினார். என் தராசு சாய்வது இங்கேதான். அலி முதலில், லூயி இரண்டாவது. டைசனை முதல் பத்துக்குள் எங்கேயாவது வையுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். உனக்கு ஒரு வீட்டுப்பாடம். டைசன் ஜெயித்த சண்டைகளை விடு. 1990 பிப்ரவரி, டோக்கியோ, பஸ்டர் டக்ளஸ் சண்டையின் பத்தாவது ரவுண்டைப் பார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தரையில் விழுந்த டைசன், கண் தெரியாதவர் மாதிரி தடவித்தடவிப் பல் காப்பைத் தேடி எடுத்து, கோணலாக வாயில் வைத்துக்கொண்டு எழப் பார்ப்பார். அவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது அந்த இடத்தில்தான். பார்த்துவிட்டுச் சாயங்காலம் கடைக்கு வா. டீ என் கணக்கு.