காலண்டர் அம்மனும் டொராண்டோ காளியும்

காளி வேடத்தில் ஒரு பெண். வாயில் சிகரெட், கையில் வானவில் கொடி. 2022 ஜூலையில் வெளியான அந்தச் சுவரொட்டி, லீனா மணிமேகலை டொராண்டோவில் தானே நடித்து எடுத்த 'காளி' படத்துக்கானது. அங்குள்ள ஆகா கான் அருங்காட்சியகம் படத்தை விலக்கிக்கொண்டது. இங்கே பல மாநிலங்களில் வழக்குகள். கைது நடவடிக்கைக்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்த இரைச்சலில் காளியின் பூர்வீகத்தை யாரும் விசாரிக்கவில்லை. லீனா பிறந்தது விருதுநகர் மாவட்டம் மகாராஜபுரம்.

அதே மாவட்டத்தின் இருக்கன்குடியில், அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு சேரும் இடத்தில், ஆடிக் கடைசி வெள்ளியன்று நின்று பாருங்கள். வாரமெல்லாம் தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பவள் அருள் வந்து ஆடுவாள். புருஷனையும் மாமியாரையும் அதட்டுவாள். “என்ன குறை வச்சோம் ஆத்தா, சொல்லு” என்று அவர்கள் கும்பிட்டுக் கேட்பார்கள். பெண் உடம்பில் தெய்வம் வந்து தெருவில் நடப்பது இங்கே அவமதிப்பு அல்ல, வழிபாடு.

ஆனால், இதே வட்டாரம் இன்னோர் அம்மனையும் ஊருக்கெல்லாம் அனுப்பியது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள், சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாயின. ரோஜாக் கன்னம், கிரீடம், கலையாத பட்டுச்சேலை. புலம்பெயர்ந்த குடும்பம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வசதியான அம்மன் இவள்தான். அருளைக் கொண்டுபோக முடியாது. அதற்கு உருமியும் ஆற்று மணலும் சுற்றி நிற்கும் சனமும் வேண்டும். சுவரொட்டியைக் கண்டு கொதித்தவர்கள் பலரின் மனதில் இருந்தது காலண்டர் அம்மன். லீனா கொண்டுபோனதோ சாமியாடியை.

அந்தச் சுவரொட்டி சீண்டுவதற்கென்றே தேர்ந்தெடுத்த காட்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சீண்டல் படத்தையே மறைத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

அந்நிய நகரத்தில் வாழும் பெண் தன்னையோ தன் தாயையோ படம்பிடித்தால், முகம் சுளிப்பவர்களில் வீட்டு ஆணும் உண்டு. பெய்ரூட்டில் பிறந்த பாலஸ்தீனர் மோனா ஹத்தூம், லண்டனில் வாழ்ந்துவந்த காலத்தில், 1988இல் 'தொலைவின் அளவுகள்' என்ற வீடியோவை உருவாக்கினார். குளிக்கும் தாயின் படங்கள்மேல் அந்தத் தாயின் அரபுக் கடித வரிகள் திரைபோல ஓடும். படமெடுத்ததில் தந்தைக்கு இருந்த கோபத்தை அந்தக் கடிதங்களே சொல்கின்றன.

இங்கே, பட்டாசு வட்டாரத்துக்கும் கேமரா புதிதல்ல. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' முக்கியமான படம். ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் தொலைக்காட்சி வண்டிகள் வருகின்றன, அழும் முகங்களை அள்ளிக்கொண்டு போகின்றன. இப்போது திருவிழாவில் சாமியாடுபவளைச் சுற்றி நாலு பக்கமும் செல்போன்கள். சாமி மலையேறி அவள் தண்ணீர் கேட்பதற்குள் வீடியோ வெளிநாட்டுச் சொந்தங்களின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது. எங்கே வெட்டுவது, யாருக்குக் காட்டுவது என்று டொராண்டோவில் லீனா தானே முடிவு செய்தார். இங்கே அவளிடம் அதை யாரும் கேட்பதில்லை.